சவர்க்காரத்தைத் தின்பது உங்கள் கிணறு

கேள்வி:

விசுவமடுவில் இருந்து எழுதுகிறேன். வீட்டில் நாங்கள் 6 பேர். இவர் மேசன் வேலை, மாமா வயல், 3 பிள்ளைகள் பள்ளிக்கூடம். கிழமைக்கு 4 நாள் கையால்தான் உடுப்புத் தோய்க்கிறேன். மாதம் இரண்டரைக் கிலோ சோப் பவுடர் முடிகிறது. அதற்கு மேல் கட்டிச் சவர்க்காரம் வேறு. ஒரு வீடியோவில் பார்த்து, 110 கிராம் கட்டி ஒன்றைச் சீவி, ஒரு கோப்பை அப்பச்சோடா, அரைக் கோப்பை உப்புப் போட்டு, மேலே கொஞ்சம் வினாகிரி தெளித்துத் தூள் செய்தேன். மலிவு என்றுதான் நினைத்தேன். ஆனால் நுரையே வரவில்லை, வெள்ளைச் சட்டைகள் சாம்பல் நிறமாகின்றன. வளவில் 4 தென்னை நிற்கிறது, எண்ணெய் உருக்கிச் சவர்க்காரமே காய்ச்சலாம் என்கிறார் இவர். எங்கள் மாதர் சங்கத்திலும் சோப் பவுடர், திரவ சோப் செய்து விற்கலாம் என்று கதை நடக்கிறது. வீட்டில் செய்வதா, கடையில் வாங்குவதா, எது உண்மையில் மிச்சம்?

பதில்:

தங்கச்சி, நீங்கள் எதைக் கலந்தீர்கள் என்பதை அளவோடு எழுதியது நல்லதாய்ப் போயிற்று. பலர் "வீட்டுத் தூள் சரிவரவில்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டு நிறுத்திவிடுவார்கள். அளவு இருந்தால்தான் கணக்குப் பார்க்கலாம்.

விலையை நான் எழுதப் போவதில்லை. இந்த நாட்டில் சவர்க்கார விலை 2022இல் ஏறிய ஏற்றத்தை மறந்திருக்க மாட்டீர்கள். இன்று நான் எழுதும் விலை நீங்கள் வாசிக்கும்போது சரியாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆகவே கிராமில் பார்ப்போம். கிராமுக்கு உங்கள் கடை விலையைப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் தூளில் கட்டி 110 கிராம். ஒரு கோப்பை அப்பச்சோடா ஏறக்குறைய 220 கிராம், அரைக் கோப்பை உப்பு 140 கிராம் வரும். மொத்தம் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அதில் கட்டியின் பங்கு கால்வாசிக்குக் கிட்டத்தான். ஒரு வாளிக்கு 2 மேசைக்கரண்டி, அதாவது 30 கிராம் போடுகிறீர்கள் என்று வைத்தால், அந்த வாளிக்குள் போவது 7 கிராம் கட்டிச் சவர்க்காரம். அதிலும் தண்ணீரும் நிரப்புப் பொருளும் உண்டு.

இனி உங்கள் கிணற்றுக்கு வருவோம். கேத்தலின் உள்ளே வெள்ளைப் படை படிகிறதா? குளித்த பிறகு தலைமயிர் வைக்கோலாய் நிற்கிறதா? அப்படியென்றால் தண்ணீரில் கல்சியமும் மக்னீசியமும் கூட இருக்கின்றன. இதைத்தான் கடினத்தன்மை என்கிறோம். வன்னி முழுவதும் ஒரே தண்ணீர் இல்லை. பூநகரி, மன்னார்ப் பக்கம் சுண்ணாம்புக்கல். உள்ளே போகப் போகப் பழைய கருங்கற்பாறை. ஆனால் பாறைப் பகுதி என்றதும் மென்மையான தண்ணீர் என்று நினைத்துவிடக் கூடாது, வவுனியாப் பக்கத்துக் குழாய்க் கிணறுகள் பலவற்றில் கடினத்தன்மை நன்றாகவே உண்டு. ஒரே ஒழுங்கையில் இரண்டு கிணறு இரண்டு விதமாக இருப்பதும் வழமை. உங்கள் தண்ணீரில் லீற்றருக்கு 300 மில்லிகிராம் கடினத்தன்மை இருக்கிறது என்று ஓர் உதாரணத்துக்கு எடுப்போம். நம் பக்கத்துக்கு அது அதிசயமான அளவு அல்ல.

சவர்க்காரம் அந்தத் தண்ணீரைத் தொட்டதும் முதலில் அழுக்கைத் தேடிப் போகாது. கல்சியத்தோடு சேர்ந்து, கரையாத வெள்ளைப் பிசினாக மாறும். நுரை வராததற்குக் காரணம் அது. சட்டையில் சாம்பல் நிறமாகப் படிந்ததும் அதேதான். 300 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள தண்ணீர் ஒரு லீற்றர், ஏறக்குறைய ஒன்றரைக் கிராம் சுத்தமான சவர்க்காரத்தை இப்படி விழுங்கும். 20 லீற்றர் வாளி என்றால் 30 கிராமுக்கு மேல். கட்டியில் உள்ள தண்ணீரையும் நிரப்பையும் சேர்த்துப் பார்த்தால், 110 கிராம் கட்டி ஒன்றில் பாதிக்குக் கிட்ட. அவ்வளவும் போன பிறகுதான் முதல் துளி நுரை, அதற்குப் பிறகுதான் உடுப்பு.

நீங்கள் போட்டதோ 7 கிராம். அந்த வாளியில் உடுப்பைத் தோய்க்கச் சவர்க்காரமே இருக்கவில்லை. பிள்ளைகளின் சட்டையில் தேய்ந்தது உங்கள் கையும் கொஞ்சம் அப்பச்சோடாவும்தான்.

மற்றச் சாமான்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அப்பச்சோடா மெல்லிய காரம். குளிர்ந்த தண்ணீரில் கல்சியத்தைப் பிரித்து வெளியே தள்ள அதற்குப் பலம் போதாது. உப்பு அழுக்கை எடுக்காது; மாறாகச் சவர்க்காரம் கரைவதைத் தடுக்கும். சவர்க்காரம் காய்ச்சுகிறவர்கள் கரைசலில் இருந்து கட்டியைப் பிரித்தெடுக்கவே உப்புப் போடுவார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வினாகிரியோ அமிலம். அப்பச்சோடாவின் மேல் அமிலத்தை ஊற்றினால் சீறும், பொங்கும், பார்க்க வேலை நடப்பது போலத் தெரியும். கடன் வாங்கி அன்றைக்கே வட்டியோடு திருப்பிக் கொடுத்த கதைதான்: முடிவில் கையில் இரண்டும் இல்லை. வினாகிரி மிஞ்சினால் சவர்க்காரத்தையும் உடைத்து எண்ணெய்ப் பசையாக்கிவிடும். மிச்சத் தூளை எறிய வேண்டாம். கரி பிடித்த சட்டியின் அடியைத் தேய்க்க, சீமெந்து நிலம் உரஞ்ச நன்றாக உதவும்.

வினாகிரியைப் பற்றிக் கதைக்கும்போதே இதையும் சொல்ல வேண்டும். வெளிற்றும் திரவம், அதுதான் குளோரின் மணம் வரும் திரவம், அதோடு வினாகிரியையோ தேசிக்காய்ப்புளியையோ கழிவறை கழுவும் அமிலத்தையோ ஒருநாளும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறைக்குள் அது உயிருக்கு ஆபத்து.

ஆகவே கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போடுகிறேன். "தூளை வீட்டில் செய்வதா, கடையில் வாங்குவதா" என்பதில் பெரிய மிச்சம் இல்லை. கடைத்தூளில் உள்ள அழுக்ககற்றி, சவர்க்காரத்தைப் போலக் கல்சியத்தோடு பிசினாகிப் போவதில்லை. அதுவும் கடினத் தண்ணீரில் பலம் குறையும், ஆனால் செத்துப் போகாது. மலிவுத் தூள்களில் அந்த அழுக்ககற்றி பெரும்பாலும் நூற்றுக்குப் பத்திலிருந்து இருபத்தைந்துக்குள்தான் இருக்கும். மிச்சம் சோடா, சோடியம் சல்பேற்று போன்றவை. அதாவது தண்ணீரைச் சரிக்கட்டும் சோடாவையும் நீங்கள் தூள் விலையில் வாங்குகிறீர்கள். மிச்சம் பிடிக்கக்கூடிய இடம் அங்கேதான். சோடாவைத் தனியாக வாங்கித் தண்ணீரை முதலில் மென்மையாக்குங்கள், பிறகு கடைத்தூளைக் குறைத்துப் போடுங்கள்.

இதற்கு வேண்டியது சலவைச் சோடா. அப்பச்சோடா அல்ல. கடையில் "வாஷிங் சோடா", "சோடா அஷ்" என்றும் கேட்கலாம். கிளிநொச்சியில் கிடைக்காவிட்டால் வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ இரசாயனப் பொருள் விற்கும் கடையில் இருக்கும். கிலோ விலை சோப் பவுடரைவிடக் குறைவாக இருக்க வேண்டும். கூடச் சொன்னால் வாங்காதீர்கள், நான் சொல்லும் கணக்கே பிழைத்துவிடும். கொஞ்சம்தான் வேண்டும் என்றால் அப்பச்சோடாவில் இருந்தும் செய்யலாம். தாச்சியிலோ மண்சட்டியிலோ போட்டுக் கிளறிக் கிளறி வறுத்தால், ஆவி போகும்போது தூள் தண்ணீர் போல நெளியும். நெளிவு நின்று மணல் மாதிரி ஆனதும் இறக்கலாம். 100 கிராம் போட்டால் 63 கிராம் வரும். அலுமினியச் சட்டியில் வறுக்க வேண்டாம், சலவைச் சோடா அலுமினியத்தை அரிக்கும்.

இதைப் பயன்படுத்துவது இப்படி. 5 லீற்றர் கான் ஒன்றில் 320 கிராம் உலர்ந்த சோடாத் தூளைக் கரைத்து வையுங்கள். கிராமைக் கடைத் தராசில் நிறுத்து வாங்குங்கள். கரண்டி அளவை நம்பினால் தூளின் பருமனுக்கு ஏற்ப ஒன்றுக்கு இரண்டாக மாறும். சோடா கண்ணாடி போன்ற பளிங்குக் கட்டியாகக் கிடைத்தால் அதற்குள்ளேயே நிறையத் தண்ணீர் இருக்கிறது, 860 கிராம் போட வேண்டும். 300 மில்லிகிராம் கடினத் தண்ணீர் 20 லீற்றருக்கு இந்தக் கரைசலில் 100 மில்லி காணும். முதல்நாள் இரவே வாளியை நிரப்பி, ஊற்றி, கலக்கி விடுங்கள். விடிய அடியில் வெள்ளை மண்டி இருக்கும். அது வேறொன்றுமில்லை, உங்கள் சவர்க்காரத்தைத் தின்ற கல்சியம்தான். மேல் தண்ணீரை மெதுவாக வேறு வாளிக்குச் சாய்த்து அதில் தூளைப் போடுங்கள். மண்டியோடு சேர்த்துத் தோய்த்தால் அது உடுப்பில் ஒட்டும்.

உங்கள் கிணற்றுக்குச் சரியான அளவை எப்படிக் கண்டுபிடிப்பது? தண்ணீரை ஆய்வுக்குக் கொடுக்க விரும்பினால் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் கட்டணத்துக்குச் செய்வார்கள். பிள்ளைகள் குடிக்கும் கிணறு என்றால் அது எப்படியும் நல்லது. உடுப்புக்கு மட்டும் என்றால் இரண்டு போத்தலும், பாமசியில் வாங்கும் ஊசியில்லாத சிரிஞ்சும் போதும். ஒரு போத்தலில் 200 மில்லி மழைத் தண்ணீர், மற்றதில் 200 மில்லி கிணற்றுத் தண்ணீர். கிணற்றுத் தண்ணீருக்குள் சோடாக் கரைசல் 1 மில்லி விட்டு அரை மணித்தியாலம் வையுங்கள். பிறகு இரண்டிலும் கடலைப் பருப்பளவு கட்டிச் சவர்க்காரம் போட்டு ஒரே மாதிரிக் குலுக்குங்கள். நுரை இரண்டிலும் ஒரே உயரத்தில் நின்றால் அளவு சரி. கிணற்றுத் தண்ணீரில் நுரை படுத்துவிட்டால், புதுத் தண்ணீர் எடுத்து ஒன்றரை, பிறகு 2 மில்லி என்று கூட்டிப் பாருங்கள். இந்தச் சோதனையில் 1 மில்லி என்பது வாளிக்கு 100 மில்லி. 2 மில்லி என்றால் 200. மூத்த பிள்ளை விஞ்ஞானம் படிக்கிறது என்றால் அதனிடமே விட்டுவிடுங்கள்.

மென்மையாக்கிய தண்ணீர் தோய்க்க மட்டும் போதும். தூள் போட்டுத் தோய்த்த உடுப்பைச் சாதாரணத் தண்ணீரிலேயே அலம்பலாம். கட்டிச் சவர்க்காரம் தேய்த்ததை மட்டும் முதல் அலம்பலுக்கும் மென்மைத் தண்ணீரில் போடுங்கள், இல்லாவிட்டால் பிசின் அந்த இடத்தில் உருவாகிவிடும்.

உங்கள் கணக்குக்கு வருகிறேன். கிழமைக்கு 4 தடவை, மாதம் 17 தடவை. இரண்டரைக் கிலோவை 17ஆல் பிரித்தால் தடவைக்கு 150 கிராமுக்குச் சற்றுக் குறைவு. 20 லீற்றருக்கு இது மிக அதிகம். கையால் அள்ளிப் போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன், நுரை வரும்வரைக்கும். நுரை எவ்வளவு என்பதை வைத்து அழுக்கு போனதை அளக்க முடியாது. நுரை வரவேண்டும் என்று வாங்குகிறவர் எதிர்பார்ப்பதால் கம்பனிக்காரர் அதைக் கூட்டி வைக்கிறார்கள், அவ்வளவுதான். மென்மைத் தண்ணீரில் முதல் இரண்டு கிழமை 100 கிராம் போடுங்கள். வெள்ளை வெளுப்பாக இருந்தால் 70க்கு இறக்குங்கள். 70இல் நின்றால் மாதம் 1.2 கிலோவுக்குள் முடியும், இப்போது வாங்குவதில் பாதி. சோடாச் செலவு? 320 கிராம் 50 வாளிக்கு வரும், ஏறக்குறைய 3 மாதம்.

இன்னொரு லாபமும் உண்டு, அதைக் காசில் எழுத முடியாது. தூள் குறைந்தால் அலம்பும் தண்ணீர் குறையும். ஆடி, ஆவணியில் கிணறு அடிக்கு இறங்கி, கயிறு நீண்டுபோகும் காலத்தில் இரண்டு அலம்பலுக்குப் பதில் நாலு அலம்புவது யாருடைய முதுகு என்று உங்களுக்குத் தெரியும். ஆண்கள் எழுதும் சிக்கனக் குறிப்புகளில் இந்தக் கணக்கு எப்போதும் விடுபட்டுப் போகிறது.

தோய்க்கும் ஒழுங்கையும் மாற்றிப் பாருங்கள். ஒரே கரைசலில் முதலில் பள்ளிக்கூட வெள்ளை, அடுத்து நிற உடுப்பு, கடைசியில் சீமெந்து படிந்த சாறமும் வயல் உடுப்பும். சீமெந்துத் தூசியையும் கிரவல் புழுதியையும் முதலில் உதறி, வெறும் தண்ணீரில் ஒருதரம் அலசிவிட்டுப் போடுங்கள். மண்ணைக் கரைக்கத் தூள் தேவையில்லை. அரை மணித்தியாலம் ஊறினால் போதும். இரவிரவாக ஊறவிட்டால் நம் வெக்கைக்கு நாற்றம்தான் பிடிக்கும். மாரியில், ஐப்பசியிலிருந்து மார்கழிவரை, கூரைத் தண்ணீரைப் பரலில் பிடித்து வெள்ளைகளுக்கு ஒதுக்குங்கள். மழைத் தண்ணீரில் கடினத்தன்மை இல்லை. அந்த மாதங்களில் சோடாவே வேண்டாம், உங்கள் வீட்டுக் கட்டிகூட நன்றாக நுரைக்கும்.

வெள்ளை சாம்பலாவது ஒரு நோய், மஞ்சளாவது வேறு நோய். குழாய்க் கிணற்றுத் தண்ணீரை வெள்ளை வாளியில் ஓர் இரவு திறந்து வையுங்கள். விடிய அடியில் துருநிறம் படிந்திருந்தால் இரும்பு இருக்கிறது. அந்தத் தண்ணீரில் வெளிற்றும் திரவம் விட்டால் வெள்ளையாகும் என்று ஊற்றுவார்கள், நடப்பது நேர்மாறு. கரைந்திருக்கும் இரும்பை அது உடனே துருவாக்கித் துணியில் இருத்திவிடும். தண்ணீரை உயரத்தில் இருந்து ஊற்றிக் காற்றுப் படவிட்டு, ஓர் இரவு அடையவிட்டு, மேல் தண்ணீரை எடுங்கள். ஏற்கெனவே விழுந்த துருக்கறைக்குத் தேசிக்காய்ப்புளியும் உப்பும் தடவி வெயிலில் வைத்து அலம்புவது பழைய வைத்தியம், வேலை செய்யும். அந்த இடத்தில் மட்டும் வெளிற்றும் திரவம் மிச்சமாக இருக்கக் கூடாது. காரணம் மேலே சொன்னதுதான்.

உங்கள் மாமியாரைக் கேட்டால் பனங்காயைச் சொல்வார். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் சவர்க்காரம் இல்லாமல் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்த தலைமுறை அது. கொடியில் காயும் உடுப்பை மாடு சப்பிய கதையும் கூடவே வரும். அது வெறும் ஏழ்மைக் கதை அல்ல, இரசாயனமும் இருக்கிறது. பனங்களியில் கசப்புத் தருகிற பிளபெலிஃபெரின் என்ற பொருள்கள் சப்போனின் வகை. நுரைக்கும், எண்ணெய்ப் பசையைக் கொஞ்சம் கிளப்பும், சவர்க்காரத்தைப் போலக் கல்சியத்திடம் தோற்றுப்போகாது. பூவந்திக் கொட்டையிலும் இருப்பது சப்போனின்தான். ஆனால் பலம் குறைவு. வியர்வை ஊறிய கழுத்துப்பட்டிக்கும் கிறீசுக்கும் அது காணாது. பனங்களியின் மஞ்சள் போக நல்ல வெயில் வேறு வேண்டும். ஆவணி, புரட்டாதியில் பழம் விழுந்து கிடக்கும்போது கால்மிதிக்கும் சாக்குக்கும் பாவியுங்கள். பட்டு, மெல்லிய நிறச் சேலைக்குப் பூவந்தி உண்மையிலேயே நல்லது, சோடா அங்கே கூடாது. இதைத் தாண்டி அவற்றை நம்பி மாதச் செலவைக் குறைக்க முடியாது.

இனி உங்கள் கணவரின் தென்னை யோசனை. ஒரு கிலோ தேங்காயெண்ணெய்க்கு 8 முதல் 10 தேங்காய் வேண்டும். ஒரு கிலோ எண்ணெயில் ஒன்றேகால், ஒன்றரைக் கிலோ சவர்க்காரம் வரும். 2024 கடைசியில் இருந்து தேங்காய் விலை போன போக்கைப் பார்த்தால், அந்தப் 10 தேங்காயைச் சந்தையில் கொடுத்து வரும் காசுக்கு எத்தனை கட்டி வாங்கலாம் என்று அவரையே எண்ணச் சொல்லுங்கள். தேங்காயைத் துருவி, பிழிந்து, உருக்கும் உங்கள் ஒருநாளை அதில் நான் சேர்க்கவில்லை. சவர்க்காரத்தில் செலவு முழுக்க எண்ணெய்தான். எண்ணெய் சும்மா கிடைக்கிறவருக்கு மட்டுமே வீட்டுச் சவர்க்காரம் லாபம்: வடை, ரோல்ஸ் பொரிக்கும் தேநீர்க்கடைக்காரர் எறியும் எண்ணெய், பூஞ்சணம் பிடித்து விற்க முடியாமல் போன கொப்பரை, இப்படி ஏதாவது.

அப்படிச் செய்ய இறங்கினால் கோஸ்டிக் சோடாவை, அதாவது எண்ணெயைச் சவர்க்காரமாக்கும் கடும் காரத்தை, மதியுங்கள். ஒரு காலத்தில் ஆனையிறவு உப்பில் இருந்து பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் செய்த சாமான். உங்கள் பக்கத்தில்தான். தோலையும் கண்ணையும் அரிக்கும். சோடாவைத் தண்ணீருக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் தொடவே கூடாது. அதைக் கரைத்து, தீப்பிடிக்கும் ஐதரசன் வாயுவைக் கிளப்பும். எவர்சில்வரோ தடித்த பிளாஸ்டிக்கோ எடுங்கள். கண்ணாடி, கையுறை, பிள்ளைகள் இல்லாத நேரம். அளவு எண்ணெய்க்கு எண்ணெய் வேறு: தேங்காயெண்ணெய் கிலோவுக்கு 180 கிராம், பாம் எண்ணெய் கிலோவுக்கு 140 கிராம். கடையில் பொரித்த எண்ணெய் பெரும்பாலும் பாம் எண்ணெய். அதற்குத் தேங்காயெண்ணெய்க் கணக்கில் சோடா போட்டால் கட்டிக்குள் கோஸ்டிக் மிஞ்சி, கைத்தோலை உரிக்கும். கலவை என்று சந்தேகம் இருந்தால் குறைந்த அளவையே எடுங்கள். 4 கிழமை காற்றாட வைத்த பிறகு பாவிக்கலாம். தோலில் பட்டால் வினாகிரி தேடி ஓடாதீர்கள். உடுப்பைக் கழற்றி, ஓடும் தண்ணீரில் இருபது நிமிடத்துக்குக் குறையாமல் கழுவுங்கள். கண்ணில் பட்டாலும் அதேதான், கழுவிக்கொண்டே 1990க்கு எடுத்து அம்புலன்சைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

எந்தக் கரைசலையும், நான் சொன்ன சலவைச் சோடாக் கரைசல் உட்பட, குடிக்கும் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். வெயிலில் விளையாடிவிட்டு ஓடிவரும் பிள்ளை மூடியைத் திறக்க முதல் வாசித்துப் பார்க்காது.

சங்கத்து யோசனையைக் கடைசிக்கு வைத்தேன், ஏனென்றால் அதில்தான் காசு கூடப் போகும். பயிற்சிகளில் சொல்லிக் கொடுப்பது பெரும்பாலும் லெப்சா என்ற அழுக்ககற்றி அமிலம், டெக்ஸபோன் என்ற நுரைக்கும் பசை, கோஸ்டிக், உப்பு, வாசனை, நிறம். இது கட்டியைச் சீவுவதைப் போன்ற விளையாட்டல்ல. கம்பனிக்காரர் பாவிக்கும் அதே வகை அழுக்ககற்றிதான், கடினத் தண்ணீரிலும் நிற்கும். ஆனால் லெப்சா கடும் அமிலம். அதன் கிலோ ஒன்றை நடுநிலைப்படுத்த ஏறக்குறைய 120 கிராம் கோஸ்டிக் வேண்டும், அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் தாளில் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும், கண்மதிப்புச் சரிவராது. உப்புப் போட்டுத் திரவத்தைத் தடிப்பாக்குவார்கள். தடிப்பு இருந்தால் பலம் இருக்கிறது என்று வாங்குகிறவர் நினைப்பார். தண்ணீர்தான் கூடுதலாக இருக்கும். முதல்தரம் ஏமாறுவார், இரண்டாம்தரம் உங்கள் போத்தலைத் தொடமாட்டார். மூலப்பொருள் கொழும்பில் இருந்து சில்லறையாக வந்தால், பஸ் கூலியும் போத்தலும் லேபலும் சேர்ந்து கடைவிலையைத் தாண்டிவிடும். விற்பதென்றால் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பதிவு, பிரதேச சபை அனுமதி, நுகர்வோர் சட்டப்படி விலை, நிறை, திகதி உள்ள லேபல் எல்லாம் வேண்டும். இவ்வளவுக்கும் பிறகும் செய்யத் துணிந்தால், முதலில் கைத்தொழில் அபிவிருத்திச் சபையின் மாவட்ட அலுவலகத்தில் தொழில்நுட்ப ஆலோசனை கேளுங்கள். தூள், திரவம் இரண்டில் திரவத்தைத் தேர்ந்தெடுங்கள். தூள் உலர்த்துவது வீட்டு வேலையல்ல.

என் விருப்பத்தைக் கேட்டால், சங்கம் சோப்பே செய்ய வேண்டாம் என்பேன். 25 கிலோ சோடா அஷ் மூடை ஒன்றைச் சேர்ந்து வாங்குங்கள். 320 கிராமாக நிறுத்துக் கட்டினால் 78 பைக்கற் வரும், வீட்டுக்கு ஒன்று கொடுத்தாலே 78 வீடு. பைக்கற்றோடு ஒரு சிரிஞ்சும், போத்தல் சோதனையை எழுதிய ஒரு துண்டும் வையுங்கள். நிறுக்கும்போது வாயையும் மூக்கையும் துணியால் கட்டுங்கள், கையுறை போடுங்கள், தூசி பட்டால் எரிச்சல் தரும். மாரி தொடங்க முதல் கட்டி முடித்து, மூடி இறுகும் பிளாஸ்டிக் வாளியில் வையுங்கள். ஈரம் குடித்துக் கட்டிபட்டால் 320 கிராம் 320 ஆக இருக்காது, சோதனை செய்து வைத்திருக்கும் அளவெல்லாம் பிழைத்துவிடும்.